வேலையை விடுவது எப்படி? – கடிதம், திகதி, கையெழுத்து



வேலை எடுப்பது எப்படி என்று எங்களிடம் நாள்தோறும் கேட்கிறார்கள். வேலையை விடுவது எப்படி என்று கேட்டு வருபவர்கள் குறைவு. அநேகமானோர் விட்ட பிறகுதான் வருகிறார்கள். "அக்கா, போன கிழமையோட நிண்டிட்டன், காசு தரமாட்டினமாம்" என்ற கதையோடு வருகிறார்கள். அப்போது செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு கிழமை முன்னர் வந்திருந்தால் நிறையச் செய்திருக்கலாம். ஆகவே இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம். ஒரு கொப்பியும் பேனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கோ.

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் 1980களில் இருந்து வீட்டு வேலையில் இருக்கிறார்கள். வீடு துப்புரவாக்குவது, சமைப்பது, முதியவர்களைப் பராமரிப்பது என்பவைதான் பெரும்பாலான வேலைகள். புதிதாக வந்தவர்களில் சிலர் வியா மக்வேதாவிலும் அதைச் சுற்றியும் உள்ள உணவகங்களில் கோப்பை கழுவுகிறார்கள். வேலை எதுவானாலும் அதை விடுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஒருவரும் உங்களைக் கட்டிவைக்க முடியாது. ஆனால் எப்படி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் காசும், பத்திரங்களும், அடுத்த வேலையும் இருக்கின்றன.

முதலில் இரண்டு சொற்கள்

திமிசியோனி என்றால் நீங்களாக வேலையை விடுவது. லிச்சென்சியாமெந்தோ என்றால் முதலாளி உங்களை நிற்பாட்டுவது. இந்த இரண்டையும் ஒருநாளும் மாற்றி விளங்கிக்கொள்ளாதீர்கள்.

நிற்பாட்டப்பட்டவருக்கு, கடந்த 4 ஆண்டுகளில் குறைந்தது 13 கிழமைக்கான கொந்திரிபூத்தி கட்டப்பட்டிருந்தால், இன்ப்ஸ் அலுவலகத்தில் வேலையில்லாக் காசு கேட்கலாம். அதை நாஸ்பி என்பார்கள். தானாக விட்டவருக்கு அது பொதுவாகக் கிடைக்காது. அதனால்தான் சிலர் உங்களை நிற்பாட்ட நினைத்துவிட்டு, "நீயே விடுகிறாய் என்று எழுதித் தா" என்று கேட்பார்கள்.

இது அதிகம் நடப்பது பராமரித்த முதியவர் இறக்கும்போது. செத்த வீட்டுத் துயரத்துக்குள் பிள்ளைகள் ஒரு தாளை நீட்டுவார்கள். நீங்களும் அந்த அம்மாவை நினைத்து அழுதுகொண்டு கையெழுத்து வைப்பீர்கள். அந்தத் தாளில் திமிசியோனி என்று இருந்தால் நாஸ்பி போய்விடும். முதியவர் இறந்ததால் வேலை முடிந்தால் அது நீங்கள் விட்ட வேலை அல்ல. உங்களுக்கு நோட்டீஸ் தரவேண்டியவர்கள் குடும்பத்தார்தான்.

ஒரு தாளை நீட்டினால் சொல்ல வேண்டிய வசனம் இது: "ப்ரிமா வோல்யோ லெஜ்ஜெரே, நொன் ஃபிர்மோ ஓஜ்ஜி." முதலில் வாசிக்க வேண்டும், இன்றைக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்பது பொருள். மரியாதையான வசனம்தான். சத்தம் போடத் தேவையில்லை. தாளின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாங்கோ.

திகதி இல்லாத தாள்

வேலைக்குச் சேரும் நாளிலேயே திகதி போடாத விலகல் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் இத்தாலியில் இருந்தது. பிள்ளை வயிற்றில் வந்தாலோ, வருத்தம் வந்தாலோ முதலாளி அந்தத் தாளில் திகதியைப் போட்டு, "அவளே விட்டுவிட்டாள்" என்று காட்டுவார். இதைத் தடுக்க 2007 இல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது. 2012 இல் வேறொரு சட்டம் வந்தது. கடைசியில் 2015 ஆம் ஆண்டின் 151 ஆம் இலக்கச் சட்ட ஆணையின்படி 2016 மார்ச் 12 முதல் விலகலை இணையத்தில் பதிய வேண்டும் என்று ஆக்கினார்கள். வெறும் கடிதம் செல்லாது.

ஆனால் வீட்டு வேலைக்கு இந்த இணையப் பதிவு இல்லை. வீட்டு வேலையில் கடிதம்தான் கடிதம். ஆகவே திகதி இல்லாத தாளின் ஆபத்து எங்கள் ஆட்களுக்கு இன்னும் தீரவில்லை. வெற்றுத் தாளிலோ, திகதி இல்லாத தாளிலோ கையெழுத்து வைக்காதேங்கோ.

வீட்டு வேலையை விடும் முறை

நோட்டீஸ் கொடுப்பதை ப்ரெஅவ்வீசோ என்பார்கள். வீட்டு வேலைக்கான தேசிய ஒப்பந்தத்தில் இதற்குக் கணக்கு உண்டு. தொழிலாளி விடும்போது, முதலாளி கொடுக்க வேண்டிய நாட்களில் பாதி போதும்.

கிழமைக்கு 25 மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர், 5 ஆண்டு வரை வேலை செய்திருந்தால் 15 நாளின் பாதி. அதை 8 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 ஆண்டுக்கு மேல் என்றால் 15 நாள்.

கிழமைக்கு 25 மணித்தியாலத்துக்குக் குறைவாக வேலை செய்கிறவர், 2 ஆண்டு வரை என்றால் 4 நாள். அதற்கு மேல் என்றால் 8 நாள்.

ஞாயிறும் விடுமுறையும் இந்தக் கணக்கில் சேரும். சேர்ந்த புதிதில் ப்ரோவா என்ற பரீட்சைக் காலத்தில் இருந்தால் நோட்டீஸ் தேவையில்லை. நோட்டீஸ் கொடுக்காமல் நின்றால் அத்தனை நாள் சம்பளத்தைக் கழிக்கலாம். உங்கள் கொந்திராத்தோவில் முடிவுத் திகதி போட்டிருந்தால் கவனம். திகதி குறித்த ஒப்பந்தத்தைத் தகுந்த காரணமில்லாமல் இடையில் விட்டால் முதலாளி நட்டஈடு கேட்க முடியும். அப்படியானவர்கள் கடிதம் எழுத முன்னரே கொந்திராத்தோவைக் கொண்டு வாங்கோ.

ஓர் உதாரணம். நீங்கள் 3 ஆண்டாகக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள். மாதம் 30 ஆம் திகதியோடு நிற்க விருப்பம். 20 ஆம் திகதி கடிதத்தைக் கொடுத்தால் போதும், நாள் மிச்சம் இருக்கும்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

ஐந்தே விடயம்: உங்கள் பெயர், முதலாளியின் பெயர், நான் வேலையை விடுகிறேன் என்ற ஒரு வசனம், கடைசி வேலை நாள், எழுதிய திகதியும் கையெழுத்தும். அவ்வளவுதான்.

தமிழில் அது இப்படி இருக்கும்: "இன்ன திகதியில் இருந்து உங்கள் வீட்டில் வேலை செய்து வரும் நான், என் வேலையில் இருந்து விலகுகிறேன் என்பதை அறியத் தருகிறேன். எனது கடைசி வேலை நாள் இன்ன திகதி. இதுவரை என்மீது வைத்த நம்பிக்கைக்கு நன்றி." இதன் இத்தாலிய வடிவத்தை அலுவலகத்தில் எழுதித் தருவோம். திகதியையும் கையெழுத்தையும் நீங்களே போட வேண்டும்.

காரணம் எழுதத் தேவையில்லை. கோபத்தையும் எழுதத் தேவையில்லை. "உங்கள் மகள் என்னை ஏசினா" என்று எழுதினால் அந்தத் தாள் சண்டைக்குத்தான் உதவும். ஆனால் சம்பளம் தராதது, அடித்தது, உடம்பில் தொட்டுத் தொல்லை தந்தது போன்ற பாரமான காரணங்கள் இருந்தால் கதை வேறு. அதை ஜூஸ்தா காவுசா என்பார்கள். அப்போது நோட்டீஸ் இல்லாமல் உடனே நிற்கலாம், நாஸ்பியும் கேட்கலாம். ஆனால் காரணத்தைக் கடிதத்தில் சரியாக எழுத வேண்டும், சாட்சியமும் வேண்டும். எனவே தனியே எழுதாமல் சிந்தகாத்தோ என்ற தொழிற்சங்கத்துக்கோ எங்களிடமோ முதலில் வாங்கோ.

கடிதத்தில் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அவர்களிடம் கொடுத்து, மற்றதில் கிடைத்தது என்று கையெழுத்துக் கேளுங்கள்: "புவோ ஃபிர்மாரே பெர் ரிச்செவூத்தா?" மறுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம். தபாலகத்துக்குப் போய், கிடைத்த ரசீது திரும்பி வரும் ரக்கமந்தாத்தாவாக அனுப்புங்கள். அந்த ரசீதுதான் உங்கள் சாட்சி.

ஆருக்கு முதலில் சொல்வது?

முதலாளிக்குத்தான். வேறு ஒருவருக்கும் இல்லை.

வியா மக்வேதா நேர் வீதி. குவாத்ரோ கந்தியில் நின்று ஒருவருக்குச் சொன்ன செய்தி, நீங்கள் நடந்து தியாத்ரோ மாசிமோ போய்ச் சேர முதலே அங்கே காத்துக்கொண்டு நிற்கும். கடையிலோ, கோயிலிலோ, மாதா கோயில் வாசலிலோ "நான் அந்த வீட்டை விடப் போறன்" என்று சொன்னால், அதே தெருவில் வேலை செய்யும் இன்னொரு அக்கா வழியாகச் சிஞ்ஞோராவின் காதுக்குப் போகும். அவர் வேறு ஆளை எடுத்துவிட்டு, நாளைக்கே போ என்று சொல்லக்கூடும். அல்லது உங்களுக்குப் பார்த்து வைத்த புது வேலைக்கு வேறு ஒருவர் முந்திவிடுவார்.

இன்னொரு சிக்கல், வேலை எடுத்துத் தந்தவர். அநேகமாக அவர் உங்கள் மாமாவாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். "என்ரை முகத்துக்காகத்தானே உன்னை எடுத்தவை" என்பார். அவருக்கு நன்றியாக இருங்கள். கடிதம் கொடுத்த அன்று மாலையே நீங்களே போய்ச் சொல்லுங்கள், மற்றவர் வாயால் அவர் கேட்கக் கூடாது. ஆனால் அவரிடம் அனுமதி வாங்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. வேலையை விட ஆருக்கும் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை.

முதலாளிக்குச் சொல்லும்போது, விருந்தினர் இல்லாத, அவசரம் இல்லாத நேரமாகப் பாருங்கள். "சிஞ்ஞோரா, தேவோ பர்லார்லே" என்று தொடங்குங்கள். உங்களோடு கதைக்க வேண்டும் என்பது அது. பிறகு, "லாஷோ இல் லவோரோ. இல் மியோ உல்திமோ ஜோர்னோ ஏ இல் த்ரெந்தா." வேலையை விடுகிறேன், என் கடைசி நாள் 30. ஏன் என்று கேட்டால், "மொத்தீவி பெர்சொனாலி", சொந்தக் காரணம் என்றால் போதும். புது வேலை எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை. பொய்யும் சொல்ல வேண்டாம். ஊரில் அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பல்லாரோ சந்தையில் எதிர்ப்பட்டால் உங்களுக்குத்தான் வெட்கம்.

உணவகம், கடை, ஹோட்டல் வேலை

இங்கே வாயால் சொல்வதும் கடிதமும் போதாது. தொழில் அமைச்சின் இணையத்தில் பதிய வேண்டும். ஸ்பித் அல்லது மின்னணு அடையாள அட்டை உள்ளவர் தானே செய்யலாம். இல்லாதவர் பத்ரொனாத்தோ அல்லது தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போகலாம். செலவு உண்டா என்று முதலில் கேளுங்கள். ஸ்பித் கடவுச்சொல்லை முதலாளிக்கோ, "நான் செய்து தாறன்" என்கிற அண்ணைக்கோ கொடுக்காதேங்கோ. அதைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் பெயரில் எதையும் செய்யலாம்.

பதிந்த பிறகு மனம் மாறினால் 7 நாளுக்குள் அதே வழியில் திருப்பி எடுக்கலாம். கர்ப்பமாக இருப்பவரும், 3 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் தகப்பனும் விடுவதென்றால், தொழில் ஆய்வு அலுவலகம் உங்களைக் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். ஆரும் வற்புறுத்தினார்களா என்று பார்ப்பதற்காகவே அந்தக் கேள்வி. உண்மையைச் சொல்லுங்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் நிற்பது இப்போது முன்னரைவிட ஆபத்து. 2024 ஆம் ஆண்டின் 203 ஆம் இலக்கச் சட்டம் 2025 ஜனவரி 12 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, காரணம் சொல்லாமல் நீண்ட நாள் வராமல் இருந்தால் முதலாளி தொழில் ஆய்வு அலுவலகத்துக்கு அறிவித்து, அவர் தானாக விட்டார் என்று ஆக்கலாம். ஒப்பந்தத்தில் நாள் குறிப்பிடாவிட்டால் 15 நாளுக்கு மேல் என்பது கணக்கு. நாஸ்பியும் போய்விடும். வருத்தமாகப் படுத்தால் டொக்டரின் சான்றிதழை அன்றே அனுப்புங்கள்.

வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கு

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம். உங்களுக்கு வேலை போகும் நாளில் படுக்கையும் போகிறது, விலாசமும் போகிறது.

அகதி விண்ணப்பம் செய்தவரின் பெர்மெஸ்ஸோ வேலைக்காகத் தரப்பட்டதல்ல. ஆகவே வேலையை விட்டதற்காக அது ரத்தாகாது, பயப்பிடாதேங்கோ. வேலை விசாவில் இருப்பவருக்கும், வேலை போனது மட்டுமே பெர்மெஸ்ஸோவைப் பறிக்கக் காரணமாகாது என்று சட்டம் சொல்கிறது. தானாக விட்டவருக்கும் அது பொருந்தும். அவர் வேலை தேடுபவராகச் சென்த்ரோ பெர் லிம்பியேகோவில் பதிய வேண்டும்.

ஆபத்து விலாசத்தில் இருக்கிறது. கொம்மிசியோனேயின் நேர்முகத் திகதியும் முடிவும் நீங்கள் கடைசியாகக் கொடுத்த விலாசத்துக்குத்தான் போகும். அது பழைய சிஞ்ஞோராவின் வீடாக இருந்தால், கடிதம் அங்கே கிடக்கும், நாள் ஓடிவிடும். வழக்கே கெட்டுப்போகலாம். ஆகவே வீடு மாறியதும் உடனே குவெஸ்தூராவுக்கு அறிவியுங்கள். உங்கள் வழக்கறிஞருக்கும் சொல்லுங்கள். ரெசிதென்சா அந்த வீட்டில் பதிந்திருந்தால் நகரசபையின் அனாக்ரஃபேயிலும் மாற்ற வேண்டும்.

எனவே ஒழுங்கு இதுதான்: முதலில் படுக்க ஓர் இடம், பிறகு கடிதம். முகாமில் அல்லது மையத்தில் இருப்பவர்கள் தங்கி வேலைக்குப் போக முன்னரும் எங்களிடம் கேளுங்கள். மையத்தை விட்டுப் போனவர் திரும்பி வர நினைத்தால் கதவு திறக்கும் என்று இல்லை.

கடைசி நாள்

நல்ல பெயரோடு வெளியேறுவது அடுத்த வேலைக்கான முதல் படி. முதியவர் எந்த மருந்தை எத்தனை மணிக்கு எடுக்கிறார், எதைச் சாப்பிடமாட்டார், எந்த டொக்டரிடம் போகிறார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வீட்டுச் செலவுக் காசின் கணக்கைக் காட்டிக் கொடுங்கள். திறப்பைக் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். பின்னர் எது காணாமல் போனாலும் உங்கள் பெயர் வரக்கூடாது. ரெஃபெரென்சே என்ற நற்சான்றுக் கடிதத்தையும் அன்றே கேளுங்கள். உங்கள் கடவுச்சீட்டையும் பெர்மெஸ்ஸோவையும் ஆரும் வைத்திருந்தால் உடனே வாங்குங்கள். அதை வைத்திருக்க முதலாளிக்கு உரிமை இல்லை.

உங்களுக்கு வர வேண்டியது நான்கு: வேலை செய்த நாட்களின் சம்பளம், எடுக்காத ஃபெரியே, அந்த ஆண்டின் த்ரெதிச்சேசிமாவில் உங்கள் பங்கு, லிக்குவிதாசியோனே. தானாக விட்டாலும் இந்த நான்கும் உண்டு. "நீதானே விட்டாய், உனக்கு ஒன்றும் இல்லை" என்று சொன்னால் நம்பாதேங்கோ.

லிக்குவிதாசியோனேயின் கணக்குச் சுலபம். ஆண்டுச் சம்பளத்தை 13.5 ஆல் பிரியுங்கள். மாதம் 900 ஈரோ என்றால் த்ரெதிச்சேசிமாவோடு 13 மாதம், 11,700 ஈரோ. 13.5 ஆல் பிரித்தால் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 866 ஈரோ. மூன்று ஆண்டு என்றால் 2,600 ஈரோ அளவில் வரும். தங்கி வேலை செய்பவருக்குச் சாப்பாடு, தங்குமிடத்தின் பெறுமதியும் இந்தக் கணக்கில் சேரும். இது கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டிய காசு அல்ல.

காசு தரும்போது, இனி எனக்கு ஒன்றும் வரவேண்டியதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். எண்ணிப் பார்த்து, கணக்கு விளங்காவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டாம். ஏற்கனவே வைத்துவிட்டீர்களா? வேலை முடிந்து 6 மாதத்துக்குள் எழுத்தில் எதிர்க்க வழி உண்டு. அந்தத் தாளைக் கொண்டு வாங்கோ. வேலை முடிந்ததை முதலாளி 5 நாளுக்குள் இன்ப்ஸுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று பத்ரொனாத்தோவில் பார்க்கலாம்.

பதிவில்லாத வேலை என்றால்?

கொந்திராத்தோ இல்லாமல் நேரோவில் வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு. வேலைக்குப் போன நாட்களையும் மணித்தியாலங்களையும் இப்போதே கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். சம்பளத்தை வங்கியில் போட்டிருந்தால் அந்தத் தாளும் சாட்சி. தொழிற்சங்கத்தின் வழக்குப் பிரிவு இவற்றைக் கொண்டு கேட்க முடியும்.

"வெளிநாட்டுக்காரன் சொன்னா ஆர் கேட்பினம்?" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016 இல் இதே வியா மக்வேதாவில், வங்கதேசத்தவர் பலர் உட்பட கடைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, கப்பம் வாங்கிய மாஃபியாக் கும்பல்மீது முறைப்பாடு செய்தார்கள். அத்தியோபித்சோ அமைப்பு துணை நின்றது. அந்த மே மாதமே கைதுகள் நடந்தன. மாஃபியாவுக்கு எதிரே சொன்ன சொல்லே எடுபட்டது. உங்கள் சம்பளக் கணக்கும் எடுபடும்.

வெளியே விடாமல் பூட்டி வைக்கிறார்கள், பத்திரங்களைப் பறித்துவிட்டார்கள், மிரட்டி வேலை வாங்குகிறார்கள் என்றால் கடிதமும் நோட்டீஸும் பார்க்க வேண்டாம். 800 290 290 என்ற இலவச எண்ணுக்கு எடுங்கள். உயிர் ஆபத்து என்றால் 112. இப்படிச் சுரண்டப்பட்டு முறையிடுபவருக்கு விசேட பெர்மெஸ்ஸோ கொடுக்க 2024 முதல் சட்டத்தில் இடம் உண்டு.

கொப்பியில் எழுத வேண்டியவை

1. முதலில் இடம், பிறகு கடிதம்.
2. திகதியும் கையெழுத்தும் என் கையால்.
3. கடிதத்தின் பிரதி என்னிடம்.
4. வீட்டு வேலைக்குக் கடிதம், மற்ற வேலைக்கு இணையப் பதிவு.
5. முதலில் முதலாளிக்கு, பிறகு மற்றவர்க்கு.
6. வாசிக்காத தாளில் கையெழுத்து இல்லை.
7. வீடு மாறினால் அன்றே குவெஸ்தூராவுக்கு அறிவிப்பு.

வேலையை விட நினைப்பவர்கள் கொந்திராத்தோ, கடைசி மூன்று புஸ்தா பாகா, பெர்மெஸ்ஸோ, கோதிச்சே ஃபிஸ்காலே ஆகியவற்றோடு வாங்கோ. நீங்கள் சொல்வது அலுவலகத்துக்கு வெளியே போகாது. முடிவு உங்களுடையது. கடிதம் கொடுக்க முதல் வந்தால் உதவி கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான்.